பக்கவாசல் வழியாக வந்த கோச்

அமெரிக்காவில் ஒவ்வொரு ஜனவரியும் ஒரு கூத்து நடக்கும். காலேஜ் ஃபுட்பால் சீசன் முடிந்திருக்கும், மைதானம் காலியாக இருக்கும், ஆனால் ரசிகர்களுக்குத் தூக்கம் வராது. நம்ம டீமை விட்டு யார் போறாங்க? வேற காலேஜ்ல இருந்து யார் வர்றாங்க? ஸ்கூல் முடிக்கிற பசங்கள்ல யார் நமக்குக் கையெழுத்து போட்டிருக்காங்க? அடுத்த சீசன் குவார்ட்டர்பேக் யாரு? ஐபிஎல் ஏலத்துக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். அதையே மாசக்கணக்கில் இழுத்துப் பாருங்க, அதுதான் இது. 2018-ல் இருந்து இதற்கென்றே டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒரு ஆன்லைன் பட்டியல் இருக்கிறது. காலேஜ் மாற நினைக்கும் வீரர் அதில் பேர் கொடுத்தால் மற்ற காலேஜ்கள் அவரைக் கூப்பிடலாம். 2021-ல் இருந்து வீரர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம்.

இதைப் பார்த்து அங்கே இருக்கிற பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் பசங்க ஒரே காலேஜுக்கு விசுவாசமா இருந்தாங்களாம், காசுக்கு ஆடலையாம். அந்தக் காலம் நிஜமாவே எப்படி இருந்ததுன்னு தேடப் போன இடத்தில்தான் எனக்கு நூட் ராக்னி கிடைத்தார். செத்துத் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னிக்கும் அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் கோச் என்றால் முதலில் சொல்லப்படும் நாலைந்து பேரில் அவர் ஒருவர். அவர் கதையைப் படித்த பிறகு அந்தப் பெரியவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. ஏன்னு நீங்களே பாருங்க.

முதல்ல ஒரு விஷயம். இங்கே ஃபுட்பால் என்றால் மெஸ்ஸி ஆடுவது இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடி, எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சம் தானாகப் புரியும்.

ராக்னி பிறந்தது அமெரிக்காவிலேயே இல்லை. நார்வேயில் வோஸ் என்ற ஊரில், 1888 மார்ச் 4-ல். அப்பா லார்ஸ் குதிரை வண்டி செய்கிறவர், கைத்தேர்ந்த மெக்கானிக். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி அப்பா அமெரிக்கா போக, குடும்பமும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தது. பையனுக்கு அப்போ அஞ்சு வயசு. சிகாகோவின் லோகன் ஸ்கொயர் பகுதியில் வளர்ந்தான், தெருவில் ஃபுட்பால் கற்றுக்கொண்டான், ஓட்டப்பந்தயத்தில் நன்றாக ஓடினான். படிப்பு? ஸ்கூலையே ஒழுங்காக முடிக்கவில்லை. சிகாகோ தபால் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து, கடிதக் கட்டுகளைப் பிரித்து அனுப்பிக்கொண்டு, கிட்டத்தட்ட நாலு வருஷம் காசு சேர்த்தார்.

அவர் மனசில் இருந்தது இல்லினாய் பல்கலைக்கழகம். கூட ஓடிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் இண்டியானாவில் சவுத் பெண்ட் ஊரில் இருக்கும் நோட்டர் டேம் காலேஜுக்குப் போறதா முடிவு பண்ணி இவரையும் இழுத்தார்கள். அங்கே செலவு கம்மி, படித்துக்கொண்டே வேலை செய்யலாம். அது கத்தோலிக்கப் பாதிரியார்கள் நடத்திய சின்னக் காலேஜ். இவரோ லூத்தரன். பரவாயில்லை என்று 1910-ல் நுழைவுத்தேர்வு எழுதிச் சேர்ந்தார். அப்போ வயசு 22. நம்மில் பல பேர் டிகிரி முடித்து ஆஃபர் லெட்டருக்குக் காத்திருக்கும் வயசில் அவர் முதல் வருஷம். தலைமுடி வேறு அப்பவே கொட்ட ஆரம்பித்திருந்தது.

கவனிச்சீங்களா? பின்னாளில் நாடு முழுக்க ஆள் பிடித்தார் என்று பேசப்பட்ட மனுஷனை யாரும் பிடித்து வரவில்லை. ரெண்டு நண்பர்கள் இல்லையென்றால் அவர் இன்னொரு காலேஜின் கதையாகியிருப்பார்.

முதல் வருஷம் ஃபுட்பால் டீமில் தேறவில்லை. மனசு விட்டுப்போய் ஓட்டப்பந்தயத்துக்கே திரும்பினார். செலவுக்குக் கெமிஸ்ட்ரி லேபைக் கூட்டித் துடைக்கும் வேலை. அந்த லேபில் இருந்தவர் ஜூலியஸ் நியூலாண்ட் என்ற பாதிரியார், அசெட்டிலின் வாயுவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். அவரது கெமிஸ்ட்ரியை வைத்துத்தான் பின்னாளில் டூபாண்ட் கம்பெனி நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரைக் கொண்டு வந்தது. லேபைத் துடைத்த பையன் கொஞ்ச நாளில் அதே லேபில் உதவியாளன் ஆனான். 1914-ல் ஃபார்மசி டிகிரி, உயர்ந்த மதிப்பெண்களோடு. ஃபுட்பால் கோச் என்றால் பாடத்தில் கோட்டை விட்டவர் என்று நினைக்காதீங்க, இவர் நியாயமான கெமிஸ்ட்.

ரெண்டாவது வருஷம் ஃபுட்பாலில் மறுபடி முயற்சி செய்து டீமில் இடம் பிடித்தார், 1913-ல் கேப்டன். அந்த வருஷம் நடந்ததுதான் அவரையும் அந்தக் காலேஜையும் வரைபடத்தில் போட்டது. பந்தை முன்னால் வீசலாம் என்று 1906-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் கிழக்குப் பக்கத்துப் பெரிய டீம்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டி மோதி ஓடுவதுதான் ஆட்டம். ராக்னியும் அவருடைய ரூம்மேட் கஸ் டொரேயும் 1913 கோடை விடுமுறையில் எரி ஏரிக் கரையில் சீடர் பாயிண்ட் என்ற உல்லாச இடத்தில் வேலை பார்த்தார்கள். வேலை நேரம் போக, மணலில் ஒருவர் வீச ஒருவர் ஓடிக்கொண்டே பிடிக்க, கோடை முழுக்கப் பயிற்சி. நவம்பர் 1-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியோடு ஆட்டம். டொரே 17 வீசி 14 சரியாகச் சேர்ந்தன, 243 யார்டு. ஸ்கோர் 35-13. இவர்கள்தான் முன்வீச்சைக் கண்டுபிடித்தார்கள் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது தப்பு. எல்லாரும் பார்க்கும் மேடையில் அது வேலை செய்யும்னு காட்டினார்கள், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

டிகிரி முடிந்ததும் கெமிஸ்ட்ரியா ஃபுட்பாலா என்ற கேள்வி. கொஞ்ச காலம் ரெண்டையும் செய்தார். காலையில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பது, சாயங்காலம் கோச் ஜெஸ்ஸி ஹார்ப்பருக்கு உதவியாளர். 1918-ல் ஹார்ப்பர் விலகியதும் தலைமைக் கோச். பிராஞ்சுக்குச் சம்பந்தமே இல்லாத வேலைக்குப் போறோமேன்னு இந்த வருஷம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருக்கும் எங்கள் பேட்ச்சுக்கு இது ஆறுதலா எச்சரிக்கையா, எனக்கே தெரியல.

இப்போ ஜார்ஜ் கிப். இந்தக் கதையில் எனக்குப் பிடித்ததும் உறுத்துவதும் இவர்தான்.

மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில் தாமிரச் சுரங்கப் பகுதியில் லாரியம் என்ற ஊர்ப் பையன். 1916-ல் நோட்டர் டேமுக்கு வந்தது பேஸ்பால் ஆட. அப்போ உதவிக் கோச்சாக இருந்த ராக்னி ஒரு நாள் மைதானத்தில் ஒரு புதுப்பையன் விளையாட்டாகப் பந்தை உதைத்து வெகுதூரம் அனுப்புவதைப் பார்த்து, போய்ப் பேசி, ஃபுட்பாலுக்கு இழுத்தார். அந்த வருஷமே முதலாண்டு மாணவர் ஆட்டம் ஒன்றில் கிப் 62 யார்டு தூரத்தில் இருந்து பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பத்துக்குள் போட்டார். ஓட்டம், வீச்சு, உதை, தடுப்பு எல்லாம் வரும். வகுப்பு மட்டும் வராது. சவுத் பெண்ட் ஊருக்குள் பில்லியர்ட்ஸ் மேஜையிலும் சீட்டாட்டத்திலும்தான் அவரைத் தேடணும்.

1920 வசந்தத்தில் காலேஜ் அவரை வெளியே அனுப்பிவிட்டது. உடனே என்ன நடந்திருக்கும்னு நினைக்கிறீங்க? மற்ற காலேஜ்கள் கூப்பிட ஆரம்பித்தன. போர்ட்டல் இல்லை, ஆனால் தகவல் பறந்தது. இங்கே ஊர்க்காரர்கள், கடை வைத்திருப்பவர்கள் எல்லாம் காலேஜுக்கு மனு கொடுத்தார்கள். அடுத்த சீசனுக்கு கிப் இல்லாமல் என்ன செய்வது? கடைசியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த சீசனில் நோட்டர் டேம் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. கிப் ஆல்-அமெரிக்கன் ஆனார்.

எழுபத்தஞ்சு சதவீத அட்டெண்டன்ஸுக்கு ஒரு நாள் குறைந்து மெடிக்கல் சர்ட்டிபிகேட்டோடு நின்ற எவனாவது இதைப் படித்தால் கொதிக்கும். கொதிக்க வேண்டியதுதான். அதே வருஷம் அதே காரணத்துக்கு வெளியே போய், நல்லா உதைக்கத் தெரியாததால் திரும்ப வராமல் போன பையன் யாராவது இருந்தால் அவன் பேரை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். பக்கவாசலை ஒருத்தனுக்குத் திறந்தால் அது யாருக்குத் திறக்கலன்னும் கேட்கணும். ராக்னி இந்தக் கேள்வியைப் பெரிதாகக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

கிப்புக்கு அதற்குப் பிறகு கணக்கே நீளவில்லை. சீசன் கடைசியில் தொண்டையில் தொற்று, அது நிமோனியாவாக முற்றியது. ஆன்டிபயாடிக் இல்லாத காலம். 1920 டிசம்பர் 14-ல் இறந்தார். வயசு 25.

அதன் பிறகு ராக்னி ஆள் சேர்த்த விதம் ஒரு இன்ஜினியரிங் சிஸ்டம் மாதிரி. அவர் ஊர் ஊராகப் போய்ப் பசங்களைத் தேடவில்லை. பசங்களைத் தேடும் ஆட்களை உருவாக்கினார். அவரிடம் ஆடியவர்கள் படிப்பு முடிந்து நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கோச் ஆனார்கள். கோடைதோறும் பல ஊர்களில் கோச்சுகளுக்கே பயிற்சி முகாம் நடத்தினார். அங்கே கற்றுக்கொண்டு போனவர்கள், தங்கள் ஊரில் ஒரு நல்ல பையன் கண்ணில் பட்டால் யாரிடம் சொல்வார்கள்? கூடவே நாடெங்கும் இருந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நோட்டர் டேம் தங்கள் வீட்டு டீம் மாதிரி. வந்த பசங்களுக்கு மெஸ்ஸில் பரிமாறுவது மாதிரி வளாகத்தில் ஏதாவது வேலை கிடைக்கும், அதை வைத்துப் படிப்புச் செலவு. கெமிஸ்ட்ரி லேபைத் துடைத்தவர் போட்ட வழிதான் இதுவும்.

உதாரணத்துக்குப் பிரபலமான நாலு பேரை எடுத்துக்கலாம். 1924-ல் ஒரு பத்திரிகையாளர் இவர்களை நாலு குதிரைவீரர்கள் என்று எழுத, காலேஜின் விளம்பர வேலை பார்த்த ஒரு மாணவர் நாலு பேரையும் நிஜமாகவே குதிரையில் உட்கார வைத்துப் போட்டோ எடுக்க, அந்தப் போட்டோ நாடு முழுக்கப் போனது. இந்த நாலு பேரும் எப்படி வந்தாங்க? ஜிம் க்ரௌலி கிரீன் பே ஊர்ப் பையன். பள்ளியில் அவனுக்குக் கோச் கர்லி லாம்போ. அவர் 1918-ல் ராக்னியிடம் ஆடியவர், அடுத்த வருஷம் கிரீன் பே பேக்கர்ஸ் டீமைத் தொடங்கியவர். எல்மர் லேடன் அயோவாவில் டேவன்போர்ட்டில் இருந்து. அவனுடைய பள்ளிக் கோச் வால்டர் ஹாலஸ் நோட்டர் டேமுக்கு வேலைக்கு வந்தபோது பையனும் வந்தான். டான் மில்லரின் அண்ணன் அங்கே ஏற்கெனவே கேப்டனாக இருந்தவர். ஹாரி ஸ்டூல்ட்ரேயர் ஒஹையோவின் மாசிலன் ஊர், ராக்னியும் டொரேயும் காசுக்கு ஆடப் போன அதே ஊர். ஒவ்வொருத்தனுக்கும் பின்னால் ஒரு தெரிந்த முகம்.

காசுக்கு ஆடினதுன்னு சொன்னேன் இல்லையா, அதையும் மறைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் டீம்கள் காசு கொடுத்து ஆட்களைக் கூட்டிவரும், காலேஜ் பசங்க வேற பேரில் போய் ஆடுவாங்க. 1921 நவம்பரில் இல்லினாயில் கார்லின்வில், டெய்லர்வில் என்ற ரெண்டு சின்ன ஊர்களுக்கு நடுவில் ஒரு ஆட்டம். ரெண்டு ஊரிலும் ஏகப்பட்ட பந்தயம். ஜெயிக்க கார்லின்வில் நோட்டர் டேம் பசங்களை ரகசியமாக இறக்கியது. விஷயம் கசிந்து டெய்லர்வில் இல்லினாய் பல்கலைக்கழகப் பசங்களை இறக்கியது. டெய்லர்வில் 16-0. சில வாரங்களில் குட்டு வெளிப்பட்டு நோட்டர் டேமில் எட்டு பேர், இல்லினாயில் ஒன்பது பேர் ஆடும் தகுதியை இழந்தார்கள். இதுதான் அந்தப் பொற்காலம்!

அனுபவசாலிகள் பலர் இல்லாமல் 1922 சீசன் தொடங்கியது. அப்போ முதலாண்டு மாணவர்கள் மெயின் டீமில் ஆட முடியாது என்ற விதி. அதனால் 1921-ல் சேர்ந்த அந்த நாலு பேரும் ரெண்டாமாண்டில்தான் உள்ளே வந்தார்கள். பழைய ஆட்கள் குறைந்ததால் இவர்களுக்குச் சீக்கிரமே வழி கிடைத்தது. 1924-ல் எல்லா ஆட்டமும் ஜெயித்து, 1925 புத்தாண்டு அன்று ரோஸ் பவுலில் ஸ்டான்ஃபோர்டை 27-10 என்று வீழ்த்தினார்கள்.

வீரர்கள்தான் மாறுவார்களா, கோச் மாற மாட்டாரா? ராக்னியையும் ஆளாளுக்கு இழுத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம், சுருக்கமா யூஎஸ்சி, அவரைக் கேட்டது. அவர் போகவில்லை, வேண்டுமானால் ஹோவர்ட் ஜோன்ஸைக் கூப்பிடுங்கள் என்று வழிகாட்டினார். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க. 1925 டிசம்பரில் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தத்திலேயே கையெழுத்து போட்டுவிட்டார். விஷயம் பேப்பரில் வந்து நாறியதும் பின்வாங்கி, நோட்டர் டேமிலேயே இருந்துவிட்டார். விசுவாசம் என்பது அந்தக் காலத்திலும் கொஞ்சம் வழவழப்பான பொருள்தான்.

அவருடைய பெரிய சறுக்கலை ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பத்திரிகையில் எழுதாமல் விட முடியாது. 1926 நவம்பரில் பிட்ஸ்பர்கில் கார்னகி டெக்கோடு ஆட்டம். இன்றைய கார்னகி மெலன்தான், நம்மில் பல பேர் எம்எஸ்-க்கு ஆசைப்பட்டு ஃபீஸைப் பார்த்து மூடி வைக்கும் அதே இடம். இன்ஜினியரிங் பசங்கதானே என்று ராக்னி டீமை உதவியாளர்களிடம் விட்டுவிட்டு, சிகாகோவில் நடந்த ராணுவம்–கடற்படை ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். இன்ஜினியரிங் பசங்க 19-0 என்று அடித்து அனுப்பினார்கள். போதாததுக்கு 1928-ல் சவுத் பெண்டுக்கே வந்து 27-7. நோட்டர் டேம் 1905-க்குப் பிறகு சொந்த மைதானத்தில் தோற்றது அதுதான் முதல் தடவை. படிக்கும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அந்த 1928-தான் அவருடைய மோசமான சீசன். அஞ்சு வெற்றி, நாலு தோல்வி. அதில் யாங்கீ ஸ்டேடியத்தில் ராணுவ அகாடமியோடு நடந்த ஆட்டத்தில், செத்து எட்டு வருஷமான கிப்பை அவர் மறுபடி டீமில் சேர்த்தார். மரணப் படுக்கையில் கிப் தன்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்ததாகவும், என்றாவது டீம் நொந்து நிற்கும்போது தனக்காக ஒரு ஆட்டம் ஜெயித்துத் தரச் சொன்னதாகவும் டிரெஸ்ஸிங் ரூமில் பசங்களிடம் சொன்னார். பசங்க போய் 12-6 என்று ஜெயித்தார்கள். கிப் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். எட்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வேண்டுகோளாம். என் கணிப்பு, அது ராக்னியின் சொந்தத் தயாரிப்பு. 1940-ல் ராக்னி வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது கிப்பாக நடித்தவர் ரொனால்ட் ரீகன், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி. அரசியல் மேடையிலும் அவரை கிப்பர் என்றே கூப்பிட்டார்கள். வகுப்புக்கே போகாத பையனுக்கு இப்படி ஒரு மறுபிறவி.

1929-ல் புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்ததால் நோட்டர் டேமுக்குச் சொந்த மைதானமே இல்லை, எல்லா ஆட்டமும் வெளியூரில். ராக்னிக்கோ காலில் ரத்தக்கட்டு, உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி. அதே வருஷம் அக்டோபரில், பங்குச்சந்தை சரிந்த அதே வாரத்தில், கார்னகி அறக்கட்டளை காலேஜ் விளையாட்டைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. காசு, போலி வேலை, ஆள்பிடிப்பு என்று பெரும்பாலான காலேஜ்களின் வண்டவாளம் அதில் வந்தது. பங்குச்சந்தைச் செய்தியின் நடுவில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

1930 டீமைத்தான் பலர் அவருடைய சிறந்த டீம் என்பார்கள். அதில் முக்கியமான ரெண்டு பேர் வேற காலேஜில் இருந்து மாறி வந்தவர்கள். மார்ச்சி ஷ்வார்ட்ஸ் நியூ ஆர்லியன்ஸின் லயோலா காலேஜில் இருந்து. மார்ட்டி பிரில் பிலடெல்பியா பையன், சொந்த ஊரின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்தவன், அங்கே தனக்கு மதிப்பில்லை என்று மாறி வந்தவன். 1930 நவம்பரில் நோட்டர் டேம் பிலடெல்பியாவுக்கே போய் பென்னோடு ஆடியது. தன்னை விட்டுவிட்ட காலேஜுக்கு எதிராக, சொந்த ஊர் ஜனங்க முன்னால், பிரில் மூணு டச்டவுன். ஸ்கோர் 60-20. இடம் மாறி வந்த எவனும் மனசில் எழுதி வைத்திருக்கும் கனவு இது. டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் வந்து, முதல் வருஷம் பூரா பின்பெஞ்சில் யாரும் பேசாமல் உட்கார்ந்திருந்த நண்பனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னான்.

வெளியே போனவரும் உண்டு. ஃபுல்பேக் ஜோ சவோல்டி ரகசியமாகக் கல்யாணம் செய்தது விவாகரத்து வழக்கில் தெரியவர, சீசன் நடுவிலேயே காலேஜை விட்டுப் போனார். அவர் பேட்ச் டிகிரி வாங்கும் முன்பே சிகாகோ பேர்ஸ் அவரைத் தொழில்முறை ஆட்டத்தில் இறக்கி அபராதம் கட்டியது. அடுத்த ஃபுல்பேக்குக்கும் காயம். கடைசி ஆட்டம் லாஸ் ஏஞ்சலஸில் யூஎஸ்சியோடு. ராக்னி பக்கி ஓகானர் என்ற மாற்று ஆட்டக்காரனை அந்த இடத்துக்கு ரகசியமாகத் தயார் செய்து, வழியில் நிருபர்களுக்குத் தெரியாமல் ஜெர்சியை வேறு மாற்றிப் போட வைத்தார். பெஞ்சில் இருந்த அந்தப் பையன்தான் அன்னிக்கு ஹீரோ. 27-0. சீசன் 10-0.

பதிமூணு சீசன், 105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா. ஊரில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: 1931. ஷ்வார்ட்ஸ் இன்னும் இருக்கான், யார் யார் போறாங்க, யார் வர்றாங்க.

1931 மார்ச் 31. ஒரு சினிமாவுக்கு ஆலோசனை சொல்ல ராக்னி லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பினார். கான்சஸ் சிட்டியில் படித்துக்கொண்டிருந்த ரெண்டு மகன்களை வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். அவர்கள் வந்த ரயில் தாமதம். பார்க்காமலேயே விமானம் ஏறினார். ஃபோக்கர் எஃப்-10, மூணு இன்ஜின். கான்சஸில் பசார் என்ற சின்ன ஊர் அருகே மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. எட்டு பேரும் இறந்தார்கள். அவருக்கு வயசு 43.

விமானத்தின் இறக்கை மரம். பல அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்தது. ஈரம் உள்ளே இறங்கிப் பசை விட்டுப்போய், பறக்கும்போதே இறக்கை முறிந்தது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, உள்ளே சோதிக்க வேண்டுமென்றால் மேல் பலகையையே உரிக்கணும். முதலில் பனிக்கட்டி என்று சொல்லிப் பார்த்தார்கள். செத்தது ராக்னி என்பதால் ஜனங்க விடவில்லை. அரசு அந்த வகை விமானங்களைக் கொஞ்ச காலம் தரையிறக்கியது. விமானக் கம்பெனியோ முழுக்க உலோகத்தில் ஒன்று வேண்டும் என்று டக்ளஸ் கம்பெனியைக் கேட்டது. அங்கிருந்து டிசி-1, டிசி-2, பிறகு உலகம் முழுக்கப் பறந்த டிசி-3. ஃபோக்கரின் பசையைப் பற்றி நான் படித்தது ஃபெயிலியர் அனாலிசிஸ் பாடத்துக்காக. அந்த விமானத்தில் இருந்த ஃபுட்பால் கோச் யாரென்று அப்போ தெரியாது. நியூலாண்டின் கெமிஸ்ட்ரியில் இருந்து வந்த செயற்கை ரப்பர் அறிவிக்கப்பட்டதும் அதே 1931-ல்தான்.

சீசன் நிற்கவில்லை. அவரிடம் ஆடிய ஹங்க் ஆண்டர்சன் கோச் ஆனார். ராக்னி சேர்த்து வைத்த பசங்கதான் ஆடினார்கள். நார்த்வெஸ்டர்னோடு ஒரு 0-0 தவிர எல்லாம் வெற்றி. 1929-ல் தொடங்கிய தோல்வியில்லாத வரிசை 26 ஆட்டத்தைத் தொட்டது. நவம்பர் 21-ல் சவுத் பெண்டுக்கு யூஎஸ்சி வந்தது. கோச் ஹோவர்ட் ஜோன்ஸ். நோட்டர் டேம் 14-0 என்று முன்னால் இருந்தது. கடைசிக் கட்டத்தில் யூஎஸ்சி துரத்தி வந்து, ஒரு ஃபீல்டு கோலோடு 16-14 என்று முடித்தது.

ஆட்டம் முடிந்ததும் ஜோன்ஸ் தன் பசங்களைக் கூட்டிக்கொண்டு நேராக ஹைலாண்ட் கல்லறைத் தோட்டத்துக்கு, ராக்னியின் சமாதிக்குப் போனார்.